தடை நாய்க்கா, நாய் வளர்ப்பவருக்கா?

நாய் வளர்ப்பவர்கள் ஒரு கட்சி, வளர்க்காதவர்கள் இன்னொரு கட்சி. டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடிகிறது. எங்கள் வீட்டில் நாய் கிடையாது. ஆனாலும் இந்தத் தடை விஷயத்தில் எனக்குச் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறது.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 இன நாய்களை விற்கவோ வளர்க்கவோ உரிமம் தரக்கூடாது, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யவேண்டும் என்று உத்தரவு. அந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். 'டோசா இனு' ஓரிடத்தில், 'ஜப்பானிய டோசா' இன்னோரிடத்தில். இரண்டும் ஒரே நாய்! போதாததற்கு 'டெரியர்கள்' என்று மொட்டையாக ஒரு பெயர். மடியில் வைத்துக் கொஞ்சுகிற யார்க்‌ஷயர் டெரியரும் டெரியர்தானே?

சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10 அன்று அதை ரத்து செய்தது.

அடுத்த மாதமே, மே 5 அன்று, நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. உடனே தமிழக அரசும் 23 இனங்களுக்குத் தடை என்றது, வந்த வேகத்தில் திரும்பவும் பெற்றது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலருக்குப் புது உரிமம் இல்லை, மீறி வாங்கினால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டது.

அந்தச் சிறுமியின் பெற்றோரிடம் போய் "இனத்தைக் குறை சொல்லாதீங்க" என்று பேச எனக்கு வாய் வராது. எல்லா நாயும் கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொமரேனியன் கடியும் ராட்வீலர் கடியும் ஒன்றில்லை.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே அனகாபுத்தூரில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஓர் அண்ணன் ராட்வீலர் வளர்த்தார். தடைச் செய்தி வந்த வாரமே வீட்டுக்காரர், "நாயை அனுப்புங்க, இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். காப்பகங்களில் கேட்டார், இடமில்லை. ராத்திரியில் வண்டியில் ஏற்றி எங்காவது விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. அவர் வீட்டைத்தான் காலி செய்தார். எல்லோருக்கும் அந்த மனசும் வசதியும் இருக்குமா? தெருவில் விடப்பட்ட ராட்வீலர் யாருக்குப் பாதுகாப்பு?

எல்லைப் பிரச்சினை வேறு. சென்னைத் தீர்மானம் சென்னைக்கு மட்டும்தான். நாங்கள் இருப்பது தாம்பரம் மாநகராட்சி. கவுன்சிலர்கள் கை தூக்குவது மாநகராட்சி எல்லையோடு முடிந்துவிடும், நாய் வியாபாரம் முடியாது!

நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடி குறையவில்லை என்று 2008இல் எடுத்துவிட்டது. பிரிட்டனில் 1991லிருந்து தடைச் சட்டம் உண்டு. எக்ஸ்எல் புல்லியையும் சேர்த்து, 2024 பிப்ரவரி முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம் என்றார்கள். ஆனால் அந்தச் சான்றிதழுக்கான நிபந்தனைகளைப் பாருங்கள்: கருத்தடை, மைக்ரோசிப், வெளியே போனால் வாய்மூடியும் கயிறும், கூடவே மூன்றாம் நபர் காப்பீடு.

பி.காம் படிக்கிற எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி நிபந்தனைதான். பைக் ஓட்டவே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பெரிய நாய்க்கு மட்டும் ஏன் வேண்டாம்? பிரீமியம் கட்ட வேண்டும் என்றாலே பந்தாவுக்காக வாங்குகிறவர்கள் பாதிப்பேர் விலகிவிடுவார்கள். கடிபட்டவருக்கும் மருத்துவச் செலவு கிடைக்கும். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 291வது பிரிவில், கவனக்குறைவாக நாயை விட்ட உரிமையாளருக்கு அதிகபட்சம் 6 மாதம் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதமும் கடிபட்டவர் கைக்கு நேராகப் போவதில்லை.

நாய்க்குச் சட்டம் படிக்கத் தெரியாது, வளர்ப்பவருக்குத் தெரியும். மாநிலம் முழுக்க ஒரே விதியாக, அவர் கழுத்தில் பொறுப்பைக் கட்டுங்கள். நான் சொல்வது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்கள்.