சாப்பாட்டு மேசையில் குரோமோசோம்கள்

ஜேனட் ரௌலியின் வாழ்க்கையை ஒரு ரெஸ்யூமேயாக எழுதினால் எங்கள் துறையில் எந்த ஹெச்ஆரும் அதை முழுசாகப் படிக்கமாட்டார். 1948இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். மறுநாள் கல்யாணம். பிறகு நான்கு பையன்கள். கடைசிப் பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை பார்ட் டைம் வேலை மட்டும். ஆனால் ரத்தப் புற்றுநோய் எதனால் வருகிறது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு கண்டுபிடித்த பதிலில் பெரிய பங்கு இந்த ரெஸ்யூமேக்கு உரியது.

1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே உதவித்தொகையோடு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டார். மருத்துவம் படிக்க விண்ணப்பித்தபோது 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு மூன்றே இடம், மூன்றும் நிரம்பிவிட்டன. ஒன்பது மாதம் காத்திருந்து அடுத்த வகுப்பில் சேர்ந்தார். படித்து முடித்து, குழந்தைகள் வந்தபின், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கான கிளினிக் ஒன்றில் வாரத்தில் சில நாள் வேலை பார்த்தார். 1959இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன் குழுவினர் அந்தக் குழந்தைகளின் செல்களில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தினமும் பார்க்கும் முகங்களுக்குப் பின்னால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது என்பது ரௌலியைப் பிடித்துக்கொண்டது.

1961இல் நோய்க்கூறியல் ஆய்வாளரான கணவர் ஓராண்டு ஆய்வுக்காக ஆக்ஸ்ஃபோர்டு போனார். ரௌலியும் கூடப் போய் அங்கே ரத்த செல்களின் குரோமோசோம்களைப் படிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். சிகாகோ திரும்பியதும் தன் பழைய ஆசிரியர் லியான் ஜேக்கப்சனிடம் போய் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு டார்க் ரூம், வாரத்தில் மூன்று நாள் வேலை, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் அளவுக்குச் சம்பளம் ஆகியவற்றைக் கேட்டார். ஜேக்கப்சன் ஒப்புக்கொண்டார். வருடத்துக்கு 5,000 டாலர்.

அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோயும் குரோமோசோமும் சந்தித்த இடம் ஒன்றே ஒன்றுதான். 1960இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும், நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, அதாவது சிஎம்எல், உள்ளவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். அதற்கு ‘பிலடெல்ஃபியா குரோமோசோம்’ என்று பெயர் வந்தது. மீதித் துண்டு அழிந்துபோயிற்று என்றே பலரும் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அன்றைய சாயங்களில் குரோமோசோம்கள் ஒரே நிறத்தில் தெரியும். நீளத்தை வைத்து ஓரளவு தரம் பிரிக்கலாம், அவ்வளவுதான். ஒரு துண்டு வேறொன்றில் போய் ஒட்டியிருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது.

1970இல் ஸ்வீடனில் டார்பியோன் காஸ்பர்ஸனும் லோர் ஸெக்கும் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். மலேரியா மருந்தான க்வினாக்ரினைச் சாயமாகப் போட்டால் ஒவ்வொரு குரோமோசோமிலும் பளிச்சென்றும் மங்கலாகவும் பட்டைகள் தெரியும். பார்கோடு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. ரௌலி இரண்டாம் முறை ஆக்ஸ்ஃபோர்டு போனபோது இதைக் கற்றுக்கொண்டு வந்தார்.

அடுத்து நடந்ததுதான் அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் காட்சி. எடுத்த போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி, சாப்பாட்டு மேசையில் ஜோடி ஜோடியாக அடுக்குவார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று பையன்கள் கிண்டல் செய்வார்களாம்.

1972இல் அந்த மேசையில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தீவிர மைலாய்டு லுகேமியா நோயாளிகள் சிலரிடம் 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. பிறகு சிஎம்எல் செல்களை அடுக்கியபோது 9ஆம் குரோமோசோமின் நுனியில் மங்கலான ஒரு துண்டு கூடுதலாக ஒட்டியிருந்தது. குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோம் இழந்த அளவும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. பன்னிரண்டு வருடமாக டெலிட் என்று நினைத்த விஷயம் உண்மையில் கட் அண்ட் பேஸ்ட்! 1973இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. அப்போது அவருக்கு வயது 48.

உடனே உலகம் திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் இல்லை. குரோமோசோம் குழப்பம் புற்றுநோயின் விளைவு, காரணம் அல்ல என்பதே அன்றைய பொதுக்கருத்து. ரௌலி வாதாடுவதைவிட அடுக்கிக்கொண்டே போனார். 1977இல் தீவிர புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் 15க்கும் 17க்கும் நடுவே இன்னொரு பரிமாற்றம். குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட பரிமாற்றம் என்று திரும்பத் திரும்ப வந்தபோது அதைத் தற்செயல் என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது.

காரணம் முழுசாகப் புரிய 1980கள் வரவேண்டியிருந்தது. 9இலிருந்தும் மிகச் சிறிய துண்டு ஒன்று 22க்கு வந்திருந்தது, மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவு. அந்தத் துண்டில் இருக்கும் ஏபிஎல் என்ற மரபணு 22இல் இருக்கும் பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து செய்யும் புரதம், ஆஃப் ஆகாத சுவிட்ச். ‘பெருகு, பெருகு’ என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் புரதத்துக்கு எரிபொருள் நுழையும் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அடைக்கிற மாத்திரைதான் இமாட்டினிப். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எங்கள் பெரியப்பா தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போடுவது அந்த மாத்திரையைத்தான். 400 மில்லிகிராம். கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்று, அதில் 9, 22 என்று போட்டிருந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று என்னைத்தான் கேட்டார். குரோமோசோம் என்ற சொல்லிலிருந்து ஆரம்பித்து நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவரே நிறுத்தி, “இரு, இரு. 22ல பற்று, 9ல வரவு. அவ்வளவுதானே?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு பக்கம் குறைஞ்சா இன்னொரு பக்கம் கூடியிருக்கணும்னு அந்தம்மா தேடியிருக்காங்க பாரு. நல்ல கணக்குப்பிள்ளை.” மாத்திரை வருவதற்கு முன் இதே வரி பெரும்பாலானவர்களுக்குச் சில வருடக் கெடு. இன்று மருந்து நன்றாக வேலை செய்பவர்கள் கிட்டத்தட்ட மற்றவர்கள் வாழும் காலம் வாழ்கிறார்கள்.

அந்த மாத்திரை அவர் கைக்கு வந்த பாதை சென்னை வழியாக வந்தது. நோவார்ட்டிஸ் 1998இல் இந்தியாவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006இல் அந்த அலுவலகம் மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் மறுத்தது. நோவார்ட்டிஸ் மருந்து மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்றபோது இந்திய நிறுவனங்களின் மாத்திரை பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. பெரியப்பாவின் பென்ஷனுக்கு எது எட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ரௌலியை ‘லேட்டா ஜெயிச்சவர்’ பட்டியலில் சேர்த்து மோட்டிவேஷன் மீமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் லேட்டாகவெல்லாம் வரவில்லை. மூன்றே நாள் என்று சொன்ன பெண்ணுக்கு மைக்ராஸ்கோப்பும் சம்பளமும் கொடுக்க ஒருவர் இருந்தார். கணவருக்கு வேலை இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் துண்டை வேறு யாராவது, வேறு எப்போதாவது கண்டுபிடித்திருப்பார்கள். நடுவில் எத்தனை பேருக்கு மாத்திரை தாமதமாகியிருக்கும்? நான் உட்காரும் இன்டர்வியூ பேனல்களில், குழந்தைக்காக நான்கு வருடம் விலகியிருந்தவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “இந்த கேப்ல என்ன பண்ணீங்க?” ஜேக்கப்சன் கேட்டிருக்கவேண்டிய கேள்வியும் அதுதான். அவர் எத்தனை நாள் வர முடியும், என்ன வேண்டும் என்று மட்டும் பார்த்தார்.

1998இல் ரௌலிக்கு லாஸ்கர் விருது கிடைத்தது, நோவெலோடும் ஆல்ஃபிரட் நட்ஸனோடும் சேர்த்து. 2009இல் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். வயதான பிறகும் சைக்கிளில்தான் ஆய்வகம் போவார். 2013 டிசம்பரில், 88 வயதில், கருப்பைப் பக்கத்துச் சினையகத்தில் வந்த புற்றுநோயின் சிக்கல்களால் இறந்தார்.