சேக்காட்டில் வளரும் வங்காளப் பிள்ளைகள்

ஆவடி மாநகராட்சிக்குள் இருக்கும் சேக்காட்டின் கதையை ராணுவத் தொழிற்சாலைகளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் என்று எல்லாம் ஆவடியைச் சுற்றியே அமைந்தன. வேலைக்காகப் பல மாநிலத்தார் வந்தார்கள். முதலில் குவார்ட்டர்ஸ், பணி ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் ஒரு மனை, ஒரு வீடு. வங்காளிகள் வந்ததற்குத் தனிக் காரணமும் உண்டு. படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் தலைமையகம் கொல்கத்தாவில்தான் இருந்தது. வங்காளத்தின் காசிப்பூரிலும் இச்சாப்பூரிலும் அதன் பழைய ஆலைகள் இருந்தன. 2021 அக்டோபரில் அந்த வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். டாங்கி ஆலை சேர்ந்த நிறுவனத்துக்கு ஆவடியே தலைமையகம். அதன் ஆலைகளில் ஒன்றுகூட வங்காளத்தில் இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்ற நம்பிக்கைக்கு முன்பிருந்த இடம் இப்போது இல்லை. ஹவுரா இங்கிருந்து ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். ஆகவே இங்கே வளரும் பிள்ளைக்கு வங்காளம் என்பது விடுமுறைக்குப் போய்வரும் இடம். அதற்குமேல் என்னவாக இருக்கும் என்பதை இந்த ஊரில் நடப்பதுதான் முடிவு செய்யும்.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது, துர்கா பூஜை நடக்கவில்லையா, வீட்டில் மீன் குழம்பு கொதிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பண்டிகைக்கும் சமையலுக்கும் ஆபத்து குறைவு என்பதே என் எண்ணம். தமிழர் வரலாறே இதற்குச் சான்று. மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் அங்குள்ள தமிழ் வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். அலகு குத்திக் காவடி எடுப்பவர் பலருக்குத் தமிழ்ப் புத்தகம் படிக்க வராது. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தமிழில் கதை எழுதுகிறார்கள், பத்திரிகை நடத்துகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். இரண்டு நாட்டுக்கும் போனவர்கள் பெரும்பாலும் தோட்டக்கூலிகளாகப் போனவர்கள்தான். எண்ணிக்கை, தாயகத்தோடு இருந்த நெருக்கம் போன்ற வேறுபாடுகளை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் செய்த வேலையைக் கோயில் செய்யவில்லை என்பது கண்கூடு.

பூஜையை மட்டுமே வேர் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு தவறும் நேர்கிறது. சென்னையின் இந்த மேற்குப் புறநகர்களில் கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். பந்தலுக்குள் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போகலாம். மொழிக்குள் எல்லாருக்கும் சம இடம். அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கும் சித்தாள் பெற்ற பிள்ளைக்கும் பொதுவான ஒரே சொத்து வங்க எழுத்துதான்.

அந்த எழுத்தை இங்கே யார் சொல்லித் தருகிறார்கள்? கேந்திரிய வித்யாலயத்தில் இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம். மற்றப் பள்ளிகளில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ். தமிழ் படிப்பதால்தான் வங்க மொழி போகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். வாழும் ஊரின் மொழி தெரியாத பிள்ளை இரண்டு பக்கமும் அந்நியமாகிவிடும். ஏற்கெனவே மூன்று மொழி, நான்காவதையும் தலையில் ஏற்றுவதா என்ற பெற்றோரின் தயக்கம் நியாயமானது. ஆனால் வங்கம் பிள்ளைக்கு முற்றிலும் புதிய மொழி அல்ல, காதுக்குப் பழகிய மொழி. எழுத்துகளும் க, ச, ட, த, ப என்று நம் நெடுங்கணக்கின் வரிசையிலேயே வருகின்றன. இந்தி படித்த பிள்ளைக்கு இன்னும் எளிது. கூட்டெழுத்துகள்தான் கொஞ்ச நாள் படுத்தும். வித்யாசாகர் 1855இல் எழுதிய ‘பர்ண பரிசய்’, தாகூர் எழுதி நந்தலால் போஸ் படம் செதுக்கிய ‘சகஜ் பாட்’ (1930) ஆகிய அரிச்சுவடிகள் இரண்டும் இன்றும் அச்சில் கிடைக்கின்றன. தை மாசியில் வரும் சரஸ்வதி பூஜையன்று வங்காளக் குழந்தையின் கையைப் பிடித்துச் சிலேட்டில் முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். விஜயதசமியன்று நம் வீடுகளில் நெல்லிலோ அரிசியிலோ அகரம் எழுத வைப்பதைப் போலத்தான்.  இவ்வளவு அக்கறையோடு தொடங்கிவைக்கும் எழுத்தை, வெளியூரில் வளரும் பிள்ளை அந்த ஒரு நாளோடு விட்டுவிடுகிறது.

பிள்ளை செல்போனில் பாட்டியோடு தினமும் வங்க மொழியில் பேசுகிறதே, போதாதா? பேச்சு வேண்டும், அது இல்லாமல் எழுத்தால் பயனில்லை. ஆனால் அந்தப் பேச்சு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டுவது அரிது. பாட்டி காலமான பிறகு பேச ஆள் இருக்காது. படிக்கத் தெரிந்தால் விபூதிபூஷண், சுகுமார் ராய் போன்ற வங்க எழுத்தாளர்கள் இருப்பார்கள். தமிழில் த.நா. குமாரசாமி போன்றோர் மொழிபெயர்த்ததால் அந்நிய மொழிக்காரர்களான நாமே வங்க நாவல்களைச் சொந்தம்போல் படித்தோம். அந்த மொழியில் பிறந்த பிள்ளைக்கு அது கிடைக்காமல் போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஞாயிறு காலை ஒரு மணி நேரம், ஒரு வீட்டு மாடி, பத்துப் பிள்ளைகள் போதும். ஆவடி நூலகத்தில் ஒரு வங்க அலமாரி கேட்கலாம். தமிழ்ப் பிள்ளைகளும் வந்து உட்காரலாம். ஆசிரியரையும் வெளியே தேட வேண்டாம். வங்காளத்தில் பள்ளிப்படிப்பை முடித்து வேலைக்கு இங்கே வந்தவர்களில் பலர் இன்று ஓய்வூதியர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய மகன்களில் பலருக்கே வங்க எழுத்து தெரியாது. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூடியவர்கள் இந்தத் தாத்தா பாட்டிகள்தான்.