தேனீயின் கவசம்

சாரல் ஓய்ந்து வெயில் தெளிந்த ஒரு காலையில், இலஞ்சித் தோப்பில் எந்தையார் தேனீப்பெட்டியைத் திறந்தபோது நாங்கள் அருகில் நின்றோம். ஆண்டு 1992. அடையின் அறைகளில் புழுக்கள் தலை நிமிர்ந்தவாறே, நீர் நிறைந்த பைகளாக மடிந்து கிடந்தன. சில வாரங்களில் ஆறு பெட்டிகளும் வெறுமையாயின. 1991-92இல் தென்னகத்துத் தேனீக்களில் பெரும்பகுதியை அழித்த தாய்லாந்துப் பைப்புழு வைரஸ் அது. பெட்டியைத் துப்புரவாக வைக்கவில்லையோ என்று தந்தையார் இறுதிவரை தம்மையே நொந்துகொண்டார்.

தேனீ வலுவற்ற உயிரன்று. அதற்கு நம்மைப்போல் எதிர்ப்பொருள்கள் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பாக்டீரியா உட்புகுந்த சில மணி நேரத்தில், நம் கல்லீரலை ஒத்த அதன் கொழுப்புத் திசு, பெப்டைடுகள் எனும் சின்னஞ்சிறு புரதங்களைக் குருதியில் கலக்கிறது. அவற்றுள் பல, கிருமியின் மேலுறையில் ஒட்டித் துளையிடுபவை. சுவீடனின் ஹான்ஸ் போமன் குழுவினர் 1981இல் அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவில் 'செக்ரோப்பினை'க் கண்டறிந்தனர்; தேனீயின் 'அபிடேசின்' 1989இல் வெளிப்பட்டது. 'டிஃபென்சின்' என்பதோ தேனிலேயே கலந்திருக்கிறது. ஐந்தருவிப் பாறையில் கால் கிழிந்த நாளில் பாட்டியார் மலைத்தேன் தடவியதும் வீண்போகவில்லை; புண்ணை ஆற்றியதில் பெரும்பங்கு சர்க்கரைச் செறிவுக்கே என்றாலும்.

வைரஸ் உயிரணுவுக்குள் ஒளிந்து பெருகுவது. பாக்டீரியாவைத் துளைக்கும் கருவிக்கு அங்கே பெரிதும் வேலையில்லை. இதை நாங்கள் படித்தறிந்தபோது சொல்லிக் கேட்கத் தந்தையார் இல்லை.

ஒரு பெட்டி மட்டும் இன்னும் தோப்பில் கிடக்கிறது. சென்ற ஆடியில் அதன் வாயிலருகே நான்கைந்து தேனீக்கள் சுற்றின. மூடியைத் திறவாமல் திரும்பினோம்.