கோப்பைத் தேர்ந்தெடு

பிழைச்செய்தி காட்டாத கோளாறைப் போல ஆளை வதைப்பது கணினியில் வேறொன்றும் இல்லை. சென்ற மாதம் என் லினக்ஸ் மடிக்கணினியின் உலாவியில் அப்படி ஒன்று குடியேறியிருந்தது. எந்த வலைத்தளத்திலும் "கோப்பைத் தேர்ந்தெடு" என்னும் பொத்தானை அழுத்தினால், கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் பெட்டி திறக்காது. பொத்தான் அமுங்கும், மீளும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. உலாவியை மூடித் திறந்தாலும் அதே கதை. மறுநாள் காலை எந்த மருந்தும் இன்றித் தானே திறக்கும். மாலையில் மீண்டும் ஊமையாகிவிடும்.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் களப்பணி ஒலிப்பதிவுகளை ஒரு மொழி ஆவணக்காப்பகத்தில் சேர்ப்பதற்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒடிசாவின் ராயகடா, கோராபுட் மாவட்டங்களில் பேசப்படும் குவி மொழியை நான் ஆராய்கிறேன். தமிழின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். என்னிடம் உள்ள பதிவுகள் 112. காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்று பேசியவர்களே ஒப்புதல் தந்தவை 71. மீதி 41 பதிவுகள் என்னை விட்டு வெளியே போகக் கூடாதவை. நிலத் தகராறு, குடும்பச் சண்டை, ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிய மனக்குறை என்று நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டவை அவை. ஒரு பாட்டி தம் மகன் பட்ட கடனைப் பற்றி அரை மணிநேரம் பேசி முடித்தபின், ஒலிப்பதிவுக் கருவியைச் சுட்டிக்காட்டி, இந்தப் பேச்சு இந்தத் திண்ணையைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆகவே கோப்புறையை அப்படியே அள்ளிப் போட முடியாது. ஒப்புதல் படிவத்தை ஒரு கையிலும் சுட்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அந்தச் சிறு பெட்டி வெறும் வசதி அன்று. அவர்களுக்குக் கொடுத்த சொல்லை நான் காப்பாற்றும் இடம்.

மொழியியல் மாணவருக்குக் கைவந்த ஒரு முறை உண்டு. ஒரு மொழியில் எந்த ஒலி பொருளை மாற்றுகிறது என்று அறிய, ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொற்களை அருகருகே வைப்போம். பல், கல், கடல், மடல். மற்றவை எல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் மாறினால், மாற்றத்துக்குக் காரணம் அதுவே. இந்தக் கோளாற்றையும் அப்படியே அணுகினேன். அதே உலாவி, அதே வலைப்பக்கம், அதே கோப்புறை. வேளையை மாற்றிப் பார்த்தேன், இணைய இணைப்பை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பணிமேடையை மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது. என் மடிக்கணினி எட்டு வயதுக் கிழம். விடுதி அறையில் மின்னிணைப்போடு இருக்கும்போது முழு வசதிகள் கொண்ட பணிமேடையில் நுழைவேன். மாலையில் நூலகத்தில் மின்கலத்தைச் சேமிக்க, இலகுவான ஒரு சாளர மேலாளரில் நுழைவேன். பெட்டி முன்னதில் திறக்கிறது, பின்னதில் திறப்பதில்லை. காலை, மாலை என்ற தோற்றமெல்லாம் இதனால் வந்ததுதான்.

பெட்டி உலாவியுடையது என்றால் பணிமேடை மாறுவதால் அது ஏன் ஊமையாக வேண்டும்? இங்கேதான் செய்தி சுவைக்கத் தொடங்குகிறது. இன்றைய லினக்ஸில், குறிப்பாகப் பிளாட்பேக் போன்ற அடைப்புக்குள் இயங்கும் உலாவிகளில், அந்தப் பெட்டியை உலாவி திறப்பதே இல்லை. வலைப்பக்கம் உலாவியிடம் கேட்கிறது. உலாவி, டி-பஸ் என்னும் உட்செய்தித் தடத்தின் வழியே, எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல் என்ற சேவையிடம் கேட்கிறது. போர்ட்டல் என்றால் வாயில். அதை வாயிற்காவலர் என்றே வைத்துக்கொள்வோம். வாயிற்காவலர் தாமே பெட்டியை வரைவதில்லை. ஜிடிகே, கேடிஇ, க்னோம் என்று அந்தந்தப் பணிமேடைக்கு உரிய ஓர் ஏவலாளரிடம் வேலையை ஒப்படைக்கிறார். அந்த ஏவலாளர் வரைந்த பெட்டியில் நாம் ஒரு கோப்பைத் தொட, அந்த ஒரு கோப்பு மட்டும் வந்த வழியே உலாவியின் கைக்குச் சேர்கிறது. பக்கத்தில் கிடந்த மற்றவற்றின் பெயரைக்கூட உலாவி அறியாது.

"தேர்ந்தெடு" என்பது யார் யாருக்கு இடும் ஏவல் என்று எனக்கு நெடுநாளாக ஐயம் உண்டு. நான் கணினியை ஏவுகிறேனா, கணினி என்னை ஏவுகிறதா? பின்னது என்றால் "தேர்ந்தெடுக்கவும்" என்றல்லவா மரியாதையாகச் சொல்லியிருக்க வேண்டும்! இந்தச் சங்கிலியைப் பார்த்தபின் இரண்டும் சரியே என்று தோன்றுகிறது. ஏவல் கைமாறி, கைமாறிக் கடைசியில் என்னிடமே திரும்பி வருகிறது.

சங்கிலி எங்கே அறுந்தது என்பதைக் கணினியின் நாட்குறிப்பில் தேடினேன். வாயிற்காவலர் ஏவலாளரை அழைத்த நேரமும், அழைப்புத் தோற்றதாகக் குறித்த நேரமும் இருந்தன. இடைவெளி 25 நொடி. மறுநாளும் 25 நொடி. இது தற்செயலான எண் அன்று. டி-பஸ் தடத்தில் ஒரு கேள்விக்கு விடை வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் அளவு அதுதான். லினக்ஸில் ஏதேனும் ஒன்று சரியாக 25 நொடி உறைந்து நின்றால், யாரோ யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

மனிதப் பேச்சில் இத்தனை பொறுமை கிடையாது. தான்யா ஸ்டைவர்ஸும் உடனாய்வாளர்களும் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி, அம்மொழிகளை ஒருசேர நோக்கினால், சராசரியாக 200 மில்லிநொடியை ஒட்டியே இருந்தது. கண் இமைக்கும் நேரம். அதற்கு மேல் ஒரு நொடி கடந்தாலே நாம் "என்ன, கேட்கிறதா?" என்று மறுபடி கேட்போம். இயந்திரமோ 25 நொடி வாய்மூடி நின்று, விடை வரவில்லை என்றதும் அதை நம்மிடம் சொல்லாமலே கடந்து போய்விடுகிறது.

இந்த நிலையில் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. உடன் பயிலும் நண்பர் ஒருவர் சொன்னது: உலாவிக்கு இல்ல அடைவு முழுவதையும் திறந்துவிடு, ஒரே ஒரு கட்டளை போதும், பிறகு கோப்பை இழுத்துப் பக்கத்தின் மேல் போடு, பெட்டியே வேண்டாம். இன்னொருவர், அடைப்பே இல்லாத உலாவியை நிறுவிக்கொள் என்றார். இரண்டும் வேலை செய்யும். இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை.

ஏன் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், மிகைப்படுத்திவிடக் கூடாது. அடைப்பு இல்லாத உலாவியிலும் ஒரு வலைப்பக்கம் நம் கோப்புகளைத் தன் போக்கில் படித்துவிட முடியாது. நாம் தேர்ந்தெடுத்த கோப்பு இருக்கும் பாதையைக்கூட உலாவி பக்கத்துக்குச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக "சி:\ஃபேக்பாத்\" என்னும் பொய்ப் பாதையைக் கோப்பின் பெயருக்கு முன் ஒட்டிக் கொடுக்கிறது. எச்டிஎம்எல் தர நிர்ணயத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. சி என்ற வட்டே இல்லாத லினக்ஸிலும் இதே பொய்தான்! ஆக, முதல் மதில் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. அந்த மதிலில் ஓட்டை விழும் நாளுக்காகத்தான் இரண்டாவது மதில்.

ஓட்டை விழுந்த நாளும் உண்டு. 2015 ஆகஸ்டில் ஃபயர்பாக்ஸின் பிடிஎஃப் காட்டியில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி, ரஷ்யச் செய்தித்தளம் ஒன்றில் வந்த விளம்பரம், பார்ப்பவர்களின் கணினியிலிருந்து கோப்புகளைத் திருடியது. லினக்ஸ் பயனர்களும் தப்பவில்லை. முனையத்தில் தட்டிய கட்டளைகளின் வரலாறு, தொலைகணினிகளுக்கான திறவுகோல்கள், பெயரில் "பாஸ்" என்ற எழுத்துகள் வரும் உரைக்கோப்புகள் என்று தேடித் தேடி எடுத்தது. மொசில்லா நிறுவனமே இதை வெளிப்படையாக அறிவித்து விரைந்து சரிசெய்தது. அந்த விளம்பரத்துக்கு ஒலிக்கோப்புகள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். என் கணினியில் இருப்பவை என் கடவுச்சொற்கள் மட்டும் என்றால் அந்த ஆபத்தை நான் ஏற்றுக்கொள்ளலாம். பாட்டியின் மகன் பட்ட கடன் என் சொத்து அன்று; அதை வைத்து ஆபத்தை ஏற்க எனக்கு உரிமை இல்லை. கதவு திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடிக்க வேண்டாம், கீலைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

கீல் இரண்டு இடத்தில் துருப்பிடித்திருந்தது. ஒன்று, ஏவலாளர் பெட்டியை வரைய வேண்டுமானால் எந்தத் திரையில் வரைவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வேலண்ட் முறையில் அந்தத் தகவல் ஒரு சூழல் மாறியில் இருக்கிறது. முழுப் பணிமேடைகள் நுழைந்தவுடன் அதை டி-பஸ்ஸுக்கும் சிஸ்டம்டிக்கும் தாமே அறிவித்துவிடுகின்றன. இலகுவான சாளர மேலாளர்கள் பலவும் அதை நம் பொறுப்பில் விட்டுவிடுகின்றன. அழைக்கப்பட்ட ஏவலாளர், எழுதப் பலகை எங்கே என்று தெரியாமல் எழுந்தவுடனே வீழ்ந்துகொண்டிருந்தார். தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, திரையின் பெயரையும் பணிமேடையின் பெயரையும் இருவருக்கும் அறிவிக்கச் செய்தேன்.

இரண்டாவது, யாரை அழைப்பது என்பது. டபிள்யூஎல்ரூட்ஸ் நூலகத்தை அடிப்படையாகக் கொண்ட சாளர மேலாளர்களுக்கென்று உள்ள ஏவலாளருக்குத் திரையைப் படமெடுக்கவும், திரையை ஒளிபரப்பவும் மட்டுமே தெரியும். கோப்புப் பெட்டி வரையத் தெரியாது. ஆகவே அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஜிடிகே ஏவலாளரை அழை என்று தனியே எழுதிவைக்க வேண்டும். வாயிற்காவலரின் 1.18ஆம் பதிப்பிலிருந்து இதற்கென ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. மூன்று வரிகள். வெளியேறி மீண்டும் நுழைந்து பொத்தானை அழுத்தினேன். பெட்டி உடனே திறந்தது. உள்ளே என் கோப்புறைகள் அனைத்தும் இருந்தன. உலாவிக்கு அவற்றில் ஒன்றின்மீதும் இன்னும் உரிமை இல்லை. (இந்த ஜிடிகே பெட்டியில் படங்களைச் சிறுவடிவில் காட்டுங்கள் என்று 2004இல் கேட்ட கோரிக்கை 2023இல் வந்த 4.10ஆம் பதிப்பில்தான் நிறைவேறியது. எனவே என் இரண்டு வாரம் பெரிதல்ல.)

திறந்த பெட்டிக்குள் இன்னொரு வியப்பு காத்திருந்தது. கோப்புகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைப்பது என் வழக்கம். அங்கே "கோராபுட் 17" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருந்தன. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்பது அரிச்சுவடி. பெயர்களைக் குறியெண்களாகப் பிரித்துப் பார்த்ததும் விளங்கியது. யூனிகோடில் ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைப் பார்க்கிறது; அதற்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒன்று என் கணினியில் பிறந்தது. மற்றது ஆய்வகத்தின் பழைய மேக் கணினியிலிருந்து ஜிப் கட்டாக வந்தது. அந்தக் கணினியின் கோப்பு முறைமை இத்தகைய குறிகளைப் பிரித்தே எழுதும்.

இது வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் இத்தனை நீட்டியிருக்க மாட்டேன். மேக்கில் செய்த வேலை என்னவென்றால், பதிவுகளில் வரும் மூன்றாம் ஆள்களின் பெயர்களை ஒலியழிப்பது. பேசியவர் ஒப்புதல் தந்தது அந்தத் திருத்திய வடிவத்துக்கு மட்டுமே. அதாவது, அருகருகே நின்ற அந்த இரட்டையரில் ஒருவர் வெளியே போகலாம், மற்றவர் போகக் கூடாது. பெயரோ முகமோ பிரித்துக் காட்டாது. மாற்றிய தேதியை வைத்துப் பிரித்தேன், ஒலித்துக் கேட்டு உறுதி செய்தேன், எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினேன். அப்படி 9 இரட்டைகள் இருந்தன.

71 கோப்புகளும் போய்ச் சேர இரண்டு இரவுகள் ஆயின. விடுதி இணையத்தில் அதுவே அதிகம். இலகுவான சாளர மேலாளர்களைப் பயன்படுத்தி இதே ஊமைப் பெட்டியோடு மல்லாடுகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள். தொடக்கக் கோப்பில் சேர்த்த வரியையும், வாயிற்காவலருக்கு எழுதிய மூன்று வரிகளையும் அப்படியே அனுப்பிவைக்கிறேன். மேக்கிலிருந்து வரும் தமிழ்ப் பெயர்களை ஒருமைப்படுத்த ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன், அதையும் சேர்த்து.