தண்ணீர் காட்டுகிற வேலை

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எனக்குப் புதிதில்லை. சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டியில் கழுநீர் ஊற்றி, ஒரு பிடி தவிடு போட்டுக் கலக்கி வைப்பேன். பசு மூச்சுவிடாமல் உறிஞ்சிக் குடிக்கும். ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஒரு மலைமேட்டிலுள்ள அறப்பண்ணையில் குளிர்காலம் முழுக்கத் தன்னார்வலனாக இருந்தபோது, அதே வேலை என் காலைப்பொழுதை விழுங்கியது. நம்மூரில் ஒருவரை ஏய்ப்பதற்கும் ‘தண்ணி காட்டுவது’ என்றுதான் பேர். அங்கே தண்ணீர் எனக்கு நன்றாகவே தண்ணி காட்டியது.

பண்ணையின் வழி டான் வெஸ்ட் காட்டிய வழி. இந்தியானா உழவர், பிரெதரன் திருச்சபைக்காரர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பசித்த குழந்தைகளுக்குப் பால் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, குவளைப் பாலைவிட ஒரு பசுவையே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. 1944-ல் 17 கிடாரிகள் புவேர்ட்டோ ரிக்கோ போய்ச் சேர்ந்தன. பசுவை வாங்கியவர் அது ஈனும் முதல் கிடாரிக்கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் கிராமங்களில் வாரத்துக்கு மாடு வளர்க்கிறவர்களுக்கு இது பாதி தெரிந்த கணக்கு. ஆனால் இங்கே கன்று மாட்டுக்காரரிடம் திரும்புவதில்லை. இந்த வேலைக்கென எழுந்த அமைப்புக்கு ‘ஹெய்ஃபர்’ என்று பேர் வைத்தார்கள். கிடாரி என்று அர்த்தம்.

கோடையில் இதுமாதிரிப் பண்ணைகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், ஆடுகளைத் தடவுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். டிசம்பரில் யாரும் வருவதில்லை. மாடு, செம்மறி, வெள்ளாடு, கோழி, நாங்கள் ஐந்து பேர்.

அங்கே தண்ணீர்க்குழாயின் அடைப்பான் தரைக்கு மேலே இருக்காது. மண் உறையும் ஆழத்துக்கும் கீழே, ஏறக்குறைய நாலடி ஆழத்தில் இருக்கும். நெம்புகோலைத் தாழ்த்தினால் அடைப்பான் மூடிக்கொண்டு, குழாயில் நிற்கும் மிச்சத் தண்ணீர் அடியிலுள்ள சிறு துளை வழியாக மண்ணில் வடிந்துவிடும். வெறும் குழாயில் உறைய ஒன்றுமில்லை. எளிய, அழகான ஏற்பாடு. ஒரே விதி: வேலை முடிந்ததும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே இருந்தால் காற்று உள்ளே போகாது, தண்ணீரும் இறங்காது. இரண்டாவது வாரம் ஒரு மாலை, விரல் மரத்துப்போன சோம்பலில் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இரவு மைனஸ் 18. காலையில் நெம்புகோல் அசையவில்லை. அந்தக் குழாய் இளகும்வரை மூன்று நாள், சமையலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தேன். பெரிய மாடு ஒன்று குளிரிலும் நாளைக்கு முப்பது லிட்டர் குடிக்கும். எத்தனை நடை என்று எண்ணுவதை முதல்நாளே விட்டுவிட்டேன்.

எங்கள் கிடைக்குப் பொறுப்பான அம்மாள் திட்டவில்லை. தண்ணீர் குறைந்தால் மாடு தீனியைக் குறைக்கும், தீனி குறைந்தால் குளிரும் என்று மட்டும் சொன்னார். பசுவின் பெருவயிறு ஓர் அடுப்பு. உலர்புல் நொதிக்க நொதிக்கச் சூடு பிறக்கும். அதனால் கடுங்குளிர் வரும் என்று தெரிந்தால் அந்தியில் புல்லைக் கூட்டிப் போடுவோம். இரவு ஏற ஏற அடுப்பு எரியும். தானியத்தைவிட நார்ப்புல்தான் அதிகச் சூடு தரும். காலையில் போய்ப் பார்த்தால் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். எனக்கு முதலில் பரிதாபமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, உடம்புச் சூடு ரோமத்தைத் தாண்டி வெளியே போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்தப் பரிதாபம்தான் எனக்குப் பெரிய தொல்லை. ஆடுகள் நடுங்குமே என்று கொட்டிலின் மேல்சந்துகளில் சாக்குத் துணியைத் திணித்தேன். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, ஆட்டின் மூக்கு உயரத்துக்கு முட்டிபோட்டு மூச்சு விடச் சொன்னார். கண் எரிந்தது, மூத்திர நெடி. மூடிய கொட்டிலில் ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் குளிரைவிட நிமோனியா முந்திக்கொள்ளும். ஆட்டுக்கு வேண்டியது காய்ந்த தரையும் ஓடுகிற காற்றும். நானே சாக்கை உருவினேன். தினம் சாணி அள்ளிப் பழகிய கைக்கு, அள்ளாமல் வைக்கோலின்மேல் வைக்கோல் பரப்புவதும் குற்றம் செய்வதுபோலத்தான் இருந்தது. ஜனவரி கடைசியில் அந்தப் படுக்கைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடியில் மக்கிக்கொண்டு கதகதவென்றிருந்தது.

பிப்ரவரியில் செம்மறிகள் ஈனத் தொடங்கின. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் டார்ச்சுடன் போய்ப் பார்க்க வேண்டும். என் முறையில் ஒரு குட்டி நனைந்து, தனியே கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டேன். சில்லென்றிருந்தது. உடனே சீம்பாலைப் பீய்ச்சி ஊட்ட ஓடினேன். அப்போதும் அந்த அம்மாள்தான் தடுத்தார். குட்டியின் உடம்புச் சூடு 39 டிகிரி இருக்க வேண்டும், இதற்கு 36. இவ்வளவு குளிர்ந்த குட்டிக்கு விழுங்கவும் தெம்பிருக்காது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். துண்டால் துடைத்து, சூட்டுப்பெட்டியில் வைத்து, தலை தூக்கிய பிறகு குழாய்வழியே சீம்பால் ஏற்றினோம். கிலோவுக்கு 50 மில்லி. நாலு கிலோக் குட்டி, 200 மில்லி. விடியற்காலையில் அது தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. தொப்புளுக்கு அயோடின் வைத்த மஞ்சள் கறை என் கட்டைவிரலில் ஒரு வாரம் இருந்தது.

அதே வாரம் இன்னொரு குட்டி பிழைக்கவில்லை. அதையும் நான்தான் பார்த்தேன், பிந்தி.

இப்படியொரு பண்ணையில் உழைக்க நினைப்பவர்கள் கோடையில் போக வேண்டாம். கோடையில் ஆள் கிடைத்துவிடும். ஜனவரியில் போங்கள். கையுறை மூன்று ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.