யவனர் தேறலும் குடிக்காத அண்ணனும்

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பற்றிப் பேசுகிறார். மாடம்பாக்கம் ஏரிக்கு அருகே நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில், மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடிச் சங்கப் பாடல்களை வாசிக்கும் எங்கள் சிறு குழு அப்பாடலுக்கு வந்து சேர்ந்தபோது, எங்களுள் இளையவர் கேட்டார்: "அந்தத் தேறல் எப்படி மணந்திருக்கும்?"

ஐந்து பேரில் ஒருவரிடமும் விடை இல்லை. மதுக்கடையை 'ஒயின் ஷாப்' என்றே அழைத்துப் பழகிய ஊர் நம்முடையது. அங்கே போய் ஒயின் வாங்கியவர் எவரையும் நாங்கள் அறியோம்.

கேள்வி அத்தோடு நிற்கவில்லை. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட இருபிடிச் சாடிகளின் உடைசல்கள், மத்தியதரைக் கடற்பகுதியின் ஒயின் இந்தக் கடற்கரைக்கு வந்திறங்கியதற்குச் சான்று. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் எனும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, இன்றைய பரூச் துறைமுகத்துக்கு வரும் ஒயின்களில் இத்தாலியுடையதற்கே முதலிடம் தருகிறது. முசிறிக்கும் ஒயின் வந்ததாம், ஆனால் அதிகமில்லையாம். அன்று வந்தது எந்தத் திராட்சையின் சாறு என்பதை எங்களால் கண்டறிய முடியாது. ஆயினும் இத்தாலியத் திராட்சை ஒன்றின் ஒயினையாவது முகர்ந்து பார்க்கலாமே என்று தோன்றிவிட்டது.

வாய்ப்பு பண்டரிபுரத்தின் வழியே வந்தது. புனேயில் பணிபுரியும் நண்பர் விட்டலனைத் தரிசிக்கச் சென்றவர், அதே சோலாப்பூர் மாவட்டத்தின் அக்லூஜ் பக்கம் உள்ள ஃபிரதெல்லி ஒயின் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, சாஞ்சோவேசே என்னும் திராட்சையில் செய்த ஒரு போத்தலோடு அடுத்த கூட்டத்துக்கு வந்தார். இத்தாலியின் டஸ்கனிக்கு உரிய வகை அது. கியாந்தி என்ற புகழ்பெற்ற ஒயினுக்கு அதுவே அடிப்படை. புரூனெல்லோ தி மொந்தால்சினோ முழுக்க முழுக்க அதிலிருந்து செய்யப்படுவது. தக்காணத்து வெயிலில் அக்கொடிக்கு ஆண்டுக்கு இருமுறை கத்தரிப்பு: கோடையில் ஒன்று, மழை ஓயும் தறுவாயில் ஒன்று. டஸ்கனியில் குளிர்காலம் முழுதும் உறங்கும் கொடி இங்கே அப்படி உறங்குவதில்லை. அங்கே செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் அறுவடை இங்கே கோடையின் வாசலில் முடிந்துவிடுகிறது.

முதல் முயற்சி படுதோல்வி. அது மே மாதம். போத்தல் பகல் முழுதும் மேசைமேல் இருந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பார்வைக்கு அஞ்சி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். இருமல் மருந்தின் வாடை. சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்று எழுதியவர்களின் அறை, பதினாறு பதினெட்டு பாகை இருக்கும் ஐரோப்பிய அறை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, கண்ணாடிக் கோப்பைகளைத் தேடிக் கழுவி, மறுபடி தொடங்கினோம்.

எங்கள் குழுவில் மூத்தவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர் குடிப்பதில்லை. ஒற்றைத் தம்பியை 2011இல் குடிக்குப் பறிகொடுத்தவர். மருத்துவமனை வராந்தாவில் அவரோடு நாங்களும் அமர்ந்திருந்தோம். அன்று அவருக்குச் சொல்லியனுப்பாமல் கூடுவதா, அல்லது கூட்டத்தையே தள்ளிவைப்பதா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது. இரண்டும் அவரை அவமதிப்பதாகப் பட்டதால் உள்ளதைச் சொன்னோம். "வருகிறேன். பாடலுக்கு வந்தவன் உரைக்கு எழுந்து போவேனா?" என்றார். ஒயின் சுவைஞர்கள் விழுங்குவதில்லை, படிக்கத்தில் துப்பிவிடுவார்கள் என்று இளையவர் ஆர்வத்தில் சொல்லிவைக்க, "நாக்கில் பட்டால் பட்டதுதான் தம்பி. எனக்கு மூக்கு போதும்" என்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

வியப்பு அங்கேதான். நாங்கள் நால்வரும் வாயில் வைத்துக்கொண்டு 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் சொல்லறியாது திணறியபோது, அவர் கண்மூடி முகர்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். களாக்காய். தக்காளிச் செடியின் இலையைக் கசக்கினால் வருவது. ஆறிய தேநீர். பிறகு, மழைக்கு முன் ஏரிக்கரைச் சருகு. மேனாட்டு நூல்கள் சாஞ்சோவேசேக்குச் சொல்லும் புளிப்புச் செர்ரி, தக்காளியிலை, தேயிலை என்ற வரிசைக்கு அது எவ்வளவு அருகில் இருந்தது என்பதைப் பிற்பாடு படித்தே அறிந்தோம். செர்ரியை அண்ணன் பார்த்ததெல்லாம் கேக்கின் மேல்தான்.

வாய்க்குள் நேர்வதைச் சொல்ல நமக்கு ஆயத்தமாக ஒரு சொல் இருப்பதும் அன்றே தெரிந்தது. திராட்சைத் தோலும் விதையும் ஒயினுக்குத் தரும் டானினை, ஈறை இறுக்கிப் பிடிக்கும் அந்த உணர்வை, மேலை நாட்டார் பாடமாகக் கற்கிறார்கள். வாழைப்பூவும் நெல்லியும் பாக்கும் தின்று வளர்ந்த நமக்கு அது துவர்ப்பு; அறுசுவையில் ஒன்று. சாஞ்சோவேசேயில் புளிப்பு முன்னே நிற்கும், துவர்ப்பு பின்னே வரும். ஆகவே புளியும் தக்காளியும் சேர்ந்த பண்டத்தோடு அது சண்டையிடுவதில்லை. சுட்ட கத்தரிக்காய் கொத்சு மிகப் பொருந்தியது; பருப்பு வடையும் தகும். மிளகாய் தூக்கலான எதுவும் துவர்ப்பைக் கசப்பாக்கிவிடும். மீன் குழம்பு கூடவே கூடாது, வாயில் இரும்பு நெடி மிஞ்சும். துவர்ப்பு வேண்டாதவர் பியட்மாண்ட் பகுதியின் பார்பேரா வகையைத் தேடலாம். புளிப்பு உண்டு, இறுக்கம் குறைவு. அதே ஊரின் நெபியோலோவை முதற்கோப்பையாக எடுக்க வேண்டாம். காசுக்கட்டி மென்றதுபோல் இருக்கும் என்கிறார் புனே நண்பர். கேசரிக்குப் பின் அருந்த மொஸ்காதோ த'அஸ்தி. இனிப்பும் மென்நுரையும் கொண்ட அதில் ஆல்கஹால் ஐந்து சதவீதத்தைச் சற்றே ஒட்டியது.

பேச்சு உற்சாகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, போத்தலின் பெயருக்கு என்ன பொருள் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். புனே நண்பர் யோசியாமல் சொன்னார்: "ஃபிரதெல்லி என்றால் இத்தாலிய மொழியில் சகோதரர்கள்."

கீழே தேனுபுரீஸ்வரர் கோயில் பக்கம் போகும் ஆட்டோவின் ஓசை மட்டும் கேட்டது. சொன்னவர் முகம் வெளிறிவிட்டது. அண்ணன்தான் பேசினார். "எத்தனை பேர்?"

மூன்று குடும்பங்கள், ஒரு குடும்பத்துக்கு இருவராக ஆறு பேர், இரு இத்தாலியரும் அதில் உண்டு என்று விளக்கினோம். அவர்களோடு பியெரோ மாஸி என்ற டஸ்கனி ஒயின் வல்லுநரையும் சேர்த்து ஏழு. அதனால்தான் அவர்களது மற்றொரு ஒயினுக்கு 'செட்டே', ஏழு, என்று பெயர். "ஆறு பேரும் இருக்கிறார்களா?" என்று கேட்டார். நண்பருக்குத் தெரியவில்லை. தலையசைத்து மறுபடியும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். "தம்பி குடித்ததற்கு மணமே இருந்ததில்லை. நெடிதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவான்" என்றார். அவர் கோப்பையில் இருந்தது இருந்தபடியே மேசைக்குத் திரும்பியது. அதை எவரும் எடுக்கவில்லை.

மறுமாதம் அண்ணன் தாம்பரம் சந்தையிலிருந்து ஒரு கிலோ பன்னீர் திராட்சையோடு வந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அத்திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் கொண்டுவந்தார் என்பது வழங்கும் கதை. அவ்வகை இங்கிலாந்தில் உருவானதோ அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் என்கிறார்கள். ஆண்டுக் கணக்கு இடிக்கிறது, இருக்கட்டும். அதன் பெற்றோரில் ஒன்று வட இத்தாலிய மலைச்சரிவின் ஸ்கியாவா. மற்றொன்று சிசிலிப் பக்கம் ஸிபிப்போ என்று அழைக்கப்படும் அலெக்ஸாந்திரியா மஸ்கட். இதைச் சொன்னதும் அண்ணன் ஒரு பழத்தை வாயிலிட்டு, தோலை மட்டும் நெடுநேரம் மென்றார்.

"துவர்ப்பு இருக்கிறது" என்றார். விதைகளைத் தட்டில் துப்பிவிட்டு அடுத்த பாடலை எடுக்கச் சொன்னார்.