பெயர் படுத்தும் பாடு

2003-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்கப் படையும் ஆங்கிலப் படையும் ஈராக்கு நாட்டின்மீது ஏறிச் சென்ற நாட்களில், நாம் இக்கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு மாணவராயிருந்தோம். அவ்வாரம் விடுதிப் பேரவையில் நடந்த சொற்போருக்குப் ‘பயங்கரவாதம் மேனாட்டார் விதைத்த பயிரே’ என்பது பொருள். ஒட்டிப் பேசும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அக்காலத்தில் நமக்கு நாவன்மையினும் சினம் பெரிது. ஆகவே பேச்சு நன்றாகவே அமைந்தது.

நாம் எடுத்துக்காட்டியவை பொய்யல்ல. 1915-இல் எகிப்திலிருந்த ஆங்கில அதிகாரி மக்மகான், மெக்கா நகரத்து ஷரீபு உசேனுக்கு எழுதிய கடிதங்களில், துருக்கியரை எதிர்த்தெழுந்தால் அரபு மக்களின் விடுதலையை ஆங்கில அரசு ஆதரிக்குமென வாக்களித்தார். மறு ஆண்டிலேயே சைக்சு என்னும் ஆங்கிலேயரும் பிக்கோ என்னும் பிரெஞ்சுக்காரரும் தேசப்படத்தில் கோடிழுத்து அந்நிலத்தைத் தம் நாடுகளுக்குப் பங்கிட்டனர். 1917 நவம்பரில் ஆங்கில அயல்நாட்டமைச்சர் பால்பர், பாலத்தீனத்தில் யூதர்க்கு ஒரு தாயகம் அமைவதை ஆதரிப்பதாக அறிவித்தார். ஒரே கன்றை மூவருக்கு விலைபேசிய கதைதான். 1991 பிப்ரவரியில் பாக்தாது நகரத்து அமீரியா புகலிடத்தில் அமெரிக்கக் குண்டுகளால் 400-க்கு மேற்பட்ட குடிமக்கள் மடிந்ததைக் குரல் தழுதழுக்கக் கூறினோம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் மடிந்தவரையோ ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டோம்.

மறுத்துப் பேசியவர் நம் அறைத்தோழர். காயல்பட்டினத்து முஸ்லிம் அன்பர். மேனாட்டாரின் வஞ்சனையை அவர் சிறிதும் மறுக்கவில்லை. “வஞ்சிக்கப்பட்டோர் கோடிக்கணக்கானவர், அவருள் குண்டெடுத்தவர் எத்துணையர்? காரணம் கூறுவதாக எண்ணி, எடுக்காதவரையும் அவரோடு ஒரே கூண்டில் ஏற்றிவிட்டீர். இனி என் பெயரைக் கேட்போரெல்லாம் அக்கூண்டைத்தானே நினைப்பர்?” என்றார். அவையோர் நம் பக்கமே கையுயர்த்தினர். அன்றிரவு அவர் சுவரை நோக்கிப் படுத்துக்கொண்டார், நம்மோடு பேசவில்லை.

நிற்க. அவர் கூறியதன் பொருள் நமக்கு விளங்கியது சில ஆண்டுகள் கழிந்து, ஜெருசலேம் நகரத்துக் கிங் டேவிட் ஓட்டலின் வரலாற்றைப் படித்தபொழுதுதான். பாலத்தீனம் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த காலத்தில் அவர்தம் அலுவலகங்கள் அவ்வோட்டலின் தென்புறத்தில் இயங்கின. 1946 ஜூலை 22-ஆம் நாள், இர்குன் என்னும் யூதப் போர்க்குழுவினர் பால்குடங்களில் வெடிமருந்தை நிரப்பி, நிலவறையில் வைத்து வெடித்தனர். 91 பேர் இறந்தனர். அக்குழுவின் தலைவர் மெனாகெம் பெகினை ஆங்கிலேயர் பயங்கரவாதி என்றனர். அவரே 1977-இல் இஸ்ரேலின் பிரதமரானார். 1978-இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசையும் பெற்றார். அவரும் அவர் நாட்டாரும் பன்னாள் பயங்கரவாதி என்று பழித்த அராபத்தும் 1994-இல் அதே பரிசைப் பெற்றார்.

பெயர் இவ்வாறு மாறுவது கண்டு முதலில் நமக்கு நகையே உண்டாயிற்று. ஒருவர்க்குப் பயங்கரவாதி, மற்றவர்க்கு விடுதலை வீரர் என்னும் பழகிய வாசகத்தைக் கூறி அமைந்திருப்போம். இறந்தோர் கணக்கு விடவில்லை. அவருள் அரபியர் 41, ஆங்கிலேயர் 28, யூதர் 17. பலர் எழுத்தரும், தட்டெழுத்தரும், ஏவலாளரும், ஓட்டல் பணியாளருமே. முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரித்தோம் என்று இர்குன் குழுவினர் கூறிவந்தனர். அறுபதாம் ஆண்டாகிய 2006-இல் அவ்விடத்தில் வைத்த பலகையிலும் அவ்வாறே எழுத, ஆங்கிலத் தூதர் மறுத்துரைத்தார். அமீரியாவைக் குறித்து, அது படைத்தலைமையிடமென்றே தாக்கினோம் என்றனர் அமெரிக்கர். விளக்கம் யாரிடமும் குறைவதில்லை. நாமும் ஒன்று வைத்திருந்தோமல்லவா?

தோழர்க்கு இவற்றையெல்லாம் நீண்ட மடலாக எழுதி, அன்றைய வெற்றியைத் திருப்பித் தருவதாகவும் கூறினோம். அவர் விடையில் மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. உடன்பிறந்தாள் திருமணச் செய்தியும், அவ்வூர் மழை நிலவரமும் இருந்தன. அடியில் ஒரு வரி: “அந்த அரபியர் நாற்பத்தொருவரை, அன்று பேரவையில் அறிந்திருந்தால், எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பீர்?” அதற்கு நாம் இன்னும் விடை எழுதவில்லை.